பயமில்லாத டாக்டர்

"ஒண்ணுன்னா சாவு பயமே இல்ல, அஞ்சுன்னா ரொம்பப் பயம். உங்களுக்கு எவ்ளோன்னு சொல்லுங்கம்மா..."

"நாளைக்கு ஆபரேஷன வெச்சிக்கிட்டு இன்னிக்கு வந்து கேக்கற கேள்வியா இது?"

நர்ஸ் சில்வியா கேட்டதும் சவரியம்மாள் எரிந்து விழுந்தாள். சவரியம்மாள் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவள். பித்தப்பைக் கல்லை எடுக்க வந்திருந்தாள்.

"ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்க. நோயாளிங்க, டாக்டருங்க எல்லாருமே சொல்லணும்."

"அப்ப அஞ்சு போட்டுக்க. அதுக்கு மேல இருந்தா அதையும் போட்டுக்க. என்னை அறுக்கப்போற டாக்டர் எவ்ளோ சொன்னாரு?"

அப்போது டாக்டர் ஆண்ட்ரூஸே உள்ளே வந்தார். அவளுக்குத் தைரியம் கொடுக்க நினைத்துச் சிரித்தார்.

"எனக்கு ஒண்ணுதாம்மா. சாவைப் பாத்துப் பாத்து பயமே விட்டுப்போச்சு. நீங்களும் என்னை மாதிரி இருங்க."

சவரியம்மாள் தலையாட்டினாள். கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பை மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் சில்வியா.

சவரியம்மாள் டாக்டரைப் பார்த்தே பேசினாள்.

"எங்க மேஸ்திரிக்கும் மழைன்னா பயமே கிடையாதுங்க. தார்ப்பாய் போடாம விட்டு, குவிச்சு வெச்ச உப்பெல்லாம் கரைஞ்சிபோச்சு. அஞ்சு சொன்ன டாக்டரு இங்க யாராவது இருக்காங்களா?"