உள்ளங்கை நாற்காலி

"எழுதிக்கோ சுலேமா. ஜன்னல் பக்கம், ஃபெர்மின் ஆகிய நான். எனக்கு வலப்பக்கம் என் தங்கச்சி மாப்பிள்ளை லியோன்சியோ. கதவுப் பக்கம் நியெவெஸ் அம்மா; மரியாதையா 'தோன்யா நியெவெஸ்'னு போடு. தலைமை நாற்காலி காலி. அதுவும் இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான்!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் ஃபெர்மின். காரியதரிசி சுலேமா கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதாமல் விட்டாள்.

லா பாஸ் நகரின் அந்த பஸ் கம்பெனிக்கு மூன்றே பங்குதாரர்கள். பழைய மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். நாற்பது வருஷமாக ஆண்களே உட்கார்ந்த நாற்காலி. ஃபெர்மினுக்கு அது வேண்டும். பதினாலு வயதில் பஸ் நிலையத்தில் "ஓருரோ, ஓருரோ!" என்று ஊர்ப் பெயரைக் கூவி டிக்கெட் விற்று, இன்று பதினோரு பஸ்ஸுக்குச் சொந்தக்காரியான நியெவெஸுக்கும் வேண்டும். அவரவர் ஓட்டு அவரவருக்கே. மிச்சமிருப்பது லியோன்சியோவின் ஓட்டு.

நியெவெஸ் தன் வட்டத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சால்வைக்குள்ளிருந்து உள்ளங்கை அளவு மர நாற்காலி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அடடே, அலசித்தாஸ் பொம்மை! இன்னிக்குத்தானே சந்தை ஆரம்பம்? அதுக்குள்ள வாங்கியாச்சா?" என்றார் ஃபெர்மின். அலசித்தாஸ் சந்தையில் எதன் குட்டிப் பொம்மை கைக்கு வருகிறதோ, அது ஒரு வருஷத்துக்குள் நிஜமாகவே கிடைக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"இது போன வருஷச் சந்தையில வந்தது. மத்தியானம் மணியடிக்கிறப்ப மந்திரிச்சு, பத்திரமா வச்சிருக்கேன்."

"அப்ப இன்னிக்கு மணியடிச்சா கெடு முடியுதே! ஒரு வருஷத்துக்குள்ள பலிச்சாத்தான் உண்டு. அதுவும் தானே வாங்கிக்கிட்டா பலிக்காது தோன்யா, பிறத்தியார் கையால வரணும்."

"பிறத்தியார் கையாலதான் வந்துச்சு."

"வந்தாப் போதுமா? கைராசி வேணாமா? என்னைப் பாருங்க, வருஷா வருஷம் நாற்பது பேருக்குக் குடுக்கிறேன். குட்டிப் பெட்டி குடுத்தேன், இந்த சுலேமாவோட அக்கா ஸ்பெயினுக்குப் பறந்துட்டா. மாப்பிள்ளைக்குக் குட்டி பஸ் குடுத்தேன், நிஜ பஸ் வந்து வாசல்ல நின்னுச்சு. நான் குடுத்துப் பலிக்காதது உண்டா மாப்ளே?"

"இதுவரைக்கும் இல்ல மச்சான்" என்றபடி லியோன்சியோ அந்தக் குட்டி நாற்காலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"என்னாச்சு?"

"தூசி." பொம்மையை மெதுவாக வைத்தார். "என் ஓட்டு தோன்யாவுக்கு."

"அடப்பாவி! என் தங்கச்சி கையால சாப்பிடுறவன் பேசுற பேச்சா இது?"

"போன மழையில ஒன்பது நாள் ரோடே இல்ல. ஒரு பயணியைக்கூட நடுவழியில விடாம ஊர் சேர்த்தது யாரு? நீங்க மூட்டுவலின்னு படுத்துட்டீங்க. அதோட..." லியோன்சியோ இன்னொரு முறை இருமினார். "குடுத்தவரோட கைராசியை எதிர்த்து நிக்க எனக்கு தைரியமில்ல மச்சான்."

இனி நியெவெஸ்தான் மேலாளர் என்று ஓருரோ கிளைக்குத் தெரிவிக்கும் கடிதத்தை சுலேமா தட்டச்சு செய்தாள். மூவரும் கையெழுத்திட்டார்கள். ஃபெர்மின் முணுமுணுத்தபடியே, வழக்கம்போல் கடைசி எழுத்தைப் பன்றிவாலாகச் சுழித்தார்.

"கெடு முடிய இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. சீக்கிரம் ஒட்டும்மா" என்றார் நியெவெஸ்.

சுலேமா உறையை ஒட்டி, முத்திரை குத்தி, ஓடிப்போய்க் கீழே உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் கொடுத்தாள். பஸ் ஹார்ன் அடித்துக் கிளம்பியது.

"அப்படி யாருய்யா எனக்கு மிஞ்சின கைராசிக்காரன்?" என்று பொம்மையைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினார் ஃபெர்மின்.

மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. நாற்காலியின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'தோன்யா, உங்க உயரத்துக்கு இந்த நாற்காலி போதும்!' அதன் கீழே, நன்றாகச் சுழித்துவிட்ட ஒரு பன்றிவால்.