சூடு தெரியாத கம்பி

ஒரு பேக்கரி அடுப்புக்குள் விரல் நீளக் கம்பி ஒன்று இருந்தது. பற்றவைக்கும் சின்னச் சுடர் எரிகிறதா என்று பார்த்து வால்விடம் சொல்வது அதன் வேலை. அது சொன்னால்தான் வால்வு கேஸை விடும். அதனால் அடுப்பே தன் சொல்படிதான் நடக்கிறது என்று கம்பிக்குக் கொஞ்சம் மிதப்பு.

ஒருநாள் காலை மாஸ்டர் குமிழை அழுத்திச் சுடரைப் பற்றவைத்தார். கையை எடுத்ததும் அணைந்துவிட்டது. மேசையில் பன் மாவு பொங்கி வழியத் தொடங்கியிருந்தது. பதறிப்போய் மறுபடியும் பற்றவைத்தார்.

"ஏண்ணே, நான் எரியலைன்னு சொல்றீங்க?" என்று சுடர் அவசரமாகக் கேட்டது. "உங்க தலைமேலதானே நிக்கிறேன்."

"எரிஞ்சா எனக்குச் சுடாதா?" என்றது கம்பி. "எனக்கு எத்தனை வருஷ அனுபவம். நீ எரியறதா நினைச்சுக்கிட்டிருக்கே, தம்பி."

வால்வு அதை நம்பி கேஸை மூடியது. பதில் சொல்ல வாயெடுத்த சுடர் அப்படியே அணைந்துபோனது.

மதியம் மெக்கானிக் லூர்துசாமி வந்தார். கேஸிலும் குழாயிலும் குறை இல்லை. கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன்மேல் தோல்போலக் கரி படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டு, சுடரைப் பற்றவைத்தார்.

கம்பிக்குச் சுரீரென்று சுட்டது. "எரியுது, எரியுது" என்று வால்விடம் சொன்னது. பர்னர் முழுக்க நீலமாகத் தீ பிடித்தது.

"பாத்தியா தம்பி, இப்பத்தான் ஒழுங்கா எரியக் கத்துக்கிட்டிருக்கே" என்றது கம்பி.

சொன்ன பிறகுதான் தன் பேச்சு அதன் காதிலேயே விழுந்தது. கம்பி மெல்லச் சிவந்தது. சூட்டினால்தான் சிவந்தேன் என்று, யாரும் கேட்காமலே, வால்விடம் சொல்லிவைத்தது.