ஏழுக்கு அப்புறம் எட்டு

"ஆறு, ஏழு, ஒன்பது, ஏழு..."

"நிறுத்துங்க! ஏழுக்கு அப்புறம் எட்டுங்க. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

கட்டிலில் படுத்திருந்த டீச்சருக்கு வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது.

பிசியோதெரபி பெண் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

"குதிகாலை இழுத்து முட்டியை மடக்கணும்மா. வேளைக்குப் பதினஞ்சு தடவை. தையல் பிரிக்கிறதுக்குள்ள தொண்ணூறு டிகிரி வரலேன்னா, மறுபடி மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் மடக்கணும்."

முதல் நாள் டீச்சர் தானே எண்ணினாள். ஆறிலேயே அழுகை வந்து நிறுத்திவிட்டாள். மறுநாளிலிருந்து எண்ணும் பொறுப்பு கணவருக்கு.

"சரி, ஏழுலேர்ந்தே வெச்சுக்குவோம். ஏழு..."

"ஏழு முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!" காலை இழுத்தபடியே கத்தினாள். "இது ஒன்பதா, பத்தா? ஐயோ, உங்களால எனக்கே மறந்து போச்சு!"

"அப்ப எட்டு."

தினமும் மூன்று வேளையும் இதே கூத்து. ஒரு தடவை போர்வைக்குள் விரல் மடக்கிப் பார்த்தாள். அவர் பதினைந்து சொன்னபோது விரல் கணக்கில் இருபத்திரண்டு.

மகளுக்குப் போன் போட்டாள்.

"குடோன்ல முப்பது வருஷம் மூட்டை எண்ணின மனுஷன்டி. லாரியை ஒரு சுத்து சுத்தி வந்து எத்தனைன்னு சொல்லுவார். இப்ப பதினஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியலை."

"அப்பா நல்லாத்தானேம்மா பேசறார்? மாத்திரை மயக்கத்துல உனக்குத்தான் தப்பாக் கேக்குதோ என்னமோ."

டீச்சருக்குத் திக்கென்றது. யாருக்குப் பிசகு? தனக்கா, அவருக்கா?

அன்று மதியமே பரீட்சை வைத்தாள்.

"என்னங்க, கேஸ் சிலிண்டர் எப்ப மாத்தினோம்?"

"போன மாசம் பத்தொன்பது, வியாழக்கிழமை."

"மாடி வீட்டுக்காரர் போன் நம்பர்?"

மூச்சு விடாமல் பத்து எண்ணையும் ஒப்பித்தார். சாயங்காலம் காலை மடக்க வைத்தபோது மறுபடியும், "அஞ்சு, ஆறு, நாலு..."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பயமாகவும் இருந்தது. முட்டி போனால் மாற்றிவிடலாம். இந்த மனுஷனுக்கு நினைவு போய்விட்டால் எங்கே போய் மாற்றுவது? முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். "வலிக்குதா?" என்றார் அவர். "ஆமாம்" என்றாள்.

எட்டாம் நாள் பிசியோதெரபி பெண் வந்து அளவு எடுத்தாள்.

"தொண்ணூத்தி ரெண்டு! அசத்திட்டீங்கம்மா!"

கிளம்பும்போது அவளும் கணவரும் வாசலில் நின்று பேசினார்கள். கதவு ஒருக்களித்திருந்ததால் கட்டில்வரை கேட்டது.

"பதினஞ்சு செய்யறதுக்கே எல்லாரும் அழுவாங்க. நீங்க எப்படி சார் செய்ய வெச்சீங்க?"

"நேரா எண்ணினா ஆறுலயே அழுது நிறுத்திடறாம்மா. அவ அழறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தப்பா எண்ணினா, என்னைத் திட்டற மும்முரத்துல வலியை மறந்து இருபது, இருபத்தஞ்சுன்னு மடக்கிடறா. தப்பைக் கண்டா சும்மா இருக்க முடியாதே அவளுக்கு."

"பாவம் சார், அவ்வளவு திட்டா?"

"அது எனக்குப் பழக்கம்தான்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தார். தொண்ணூறு தாண்டிவிட்ட நிம்மதியோ என்னவோ, நேராகவே எண்ணினார்.

"ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது..."

ஒரு பிசகு இல்லை. டீச்சர் வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள்.

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று எழுந்தார்.

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என்னத்த முடிஞ்சுது? நடுவுல எட்டைக் காணோம். முதல்லேர்ந்து எண்ணுங்க."