விக்ராந்தின் தட்டு

வாசகி நம்பாத வரியை அவள் கையிலுள்ள புத்தகமே அழித்துவிடும் காலம் இது. பிடித்திருக்கும் விரலின் துடிப்பிலேயே அதற்குத் தெரிந்துவிடுகிறது. காதல் நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை.

என் புதிய நாயகன் விக்ராந்துக்கு ஆறடி உயரம், நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள். நாயகி மல்லிகைப்பூ என்று முணுமுணுத்தால் ஹெலிகாப்டரில் மதுரைக்குப் பறந்து வாங்கி வருவான். எந்தப் பிரதியிலும் ஓர் எழுத்துகூட அழியவில்லை. குண்டு பாய்ந்த தோளோடு அவளைத் தூக்கிக்கொண்டு மலையேறினான். அதையும் நம்பித் தொலைத்தார்கள், புத்திசாலிகள்.

கடைசி அத்தியாயத்தில், ‘சாப்பிட்டதும் விக்ராந்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான்’ என்று எழுதினேன். அந்த வரி ஒரு பிரதியிலும் மிஞ்சவில்லை என்று பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. நாயகிக்குக் கடும் காய்ச்சல் என்று காரணம் சேர்த்து மாற்றி அனுப்பினேன். காய்ச்சல் மட்டும் தங்கியது.

மதியச் சாப்பாட்டின்போது என் கணவர் தனசேகரிடம் புலம்பினேன்.

“கதைன்னா கொஞ்சமாச்சும் நம்புற மாதிரி இருக்க வேணாமா?” என்றார்.

“ஹெலிகாப்டரை மட்டும் நம்புறாங்களே?”

“காசிருந்தா யார் வேணாலும் பறக்கலாம். இது அப்படியா?”

சொல்லிவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

இந்த வாசகிகளுக்குப் புத்தி எப்போதுதான் வருமோ என்று திட்டியபடியே அவர் தட்டையும் என் தட்டையும் கழுவி வைத்தேன். பிறகு, இன்னும் திறக்காமல் வைத்திருந்த என் பிரதியை எடுத்து அந்த வரியைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் என் விரலடியிலேயே அது அழிந்து போனது.