பாலத்துக் காற்று

ஆகிப் இரண்டு சைக்கிள்களை ஒன்றாக வெல்டிங் வைத்துச் செய்த நீளச் சைக்கிள், லப்பைக்குடிக்காட்டு வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. பின்சீட்டில், பார்வையில்லாத தங்கை ஹுமா மிதித்துக்கொண்டிருக்கிறாள். பின்சக்கரம் அந்தரத்தில் சுழல, கம்பிகளில் காலை வெயில் தெறிக்கிறது. முன்சீட்டு காலி. துபாய்க்குக் கிளம்பிவிட்ட ஆகிப் பெட்டியோடு பக்கத்தில் நிற்கிறான். "இறங்குடி, கார் வந்துருச்சு" என்கிறாள் உம்மா. "கடைசியா ஒரு ரவுண்டும்மா. இப்ப எங்கண்ணே போறோம்?" தினமும் வழி சொல்லும் அதே குரலில் ஆகிப் சொல்கிறான்: "வெள்ளாத்துப் பாலம்டி. கொக்கெல்லாம் உன்னப் பாத்துப் பயந்து ஓடுது." ஹுமா சிரிக்கிறாள். இன்னும் வேகமாக மிதிக்கிறாள். பிறகு முகத்தை மெல்ல உயர்த்துகிறாள். "பாலத்துல காத்து பிச்சிக்கிட்டு வருமே, ஏண்ணே வரல?" கார் ஹாரன் அடிக்கிறது. ஆகிப் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விசிறுகிறான்.