எழுதுகிற கைப் பக்கம்

“அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க.”

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான். போனில் இருந்தது ஆறு, ஏழு வயதுச் சிறுமி.

முகவரி சொல்லத் தெரியவில்லை. குடிவந்து பத்து நாள்தானாம். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: பள்ளிக்கூட வாசலிலிருந்து வீடு வரை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வழி.

அதுவே போதும் என்று பள்ளிக்கூட வாசலுக்கு ஆம்புலன்ஸை அனுப்பினாள் அக்கா.

வாசலிலிருந்து நேரே போனால் தையல் கடை. அங்கே திரும்ப வேண்டும். எந்தப் பக்கம்?

இடது, வலது என்றால் பதற்றத்தில் பெரியவர்களுக்கே குழம்பும், பிள்ளைகளைச் சொல்வானேன். அதற்கென்றே அக்காவிடம் ஒரு கேள்வி உண்டு. பதினாலு வருஷத்தில் ஒருநாளும் அது அவள் காலை வாரியதில்லை.

“எழுதுற கைப் பக்கமா கண்ணு, இன்னொரு கைப் பக்கமா?”

எழுதுகிற கைப் பக்கம்தானாம். பச்சை கேட் போட்ட வீடாம்.

ஓட்டுநரிடம் வலது பக்கம் என்றாள்.

போனுக்குள் சைரன் சத்தம் கேட்டது. நெருங்கியது. அப்பாடா என்று அக்கா மூச்சு விடுவதற்குள் அது தேய்ந்து, இல்லாமலே போய்விட்டது.

அந்தத் தெருவில் பச்சை கேட்டே இல்லை என்றார் ஓட்டுநர். அம்மா கை ஜில்லென்று இருக்கிறது என்றாள் சிறுமி.

“கண்ணு, நீ எந்தக் கையால எழுதுவே?”

சிறுமி திருப்பிக் கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துலயா, வீட்டுலயா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு பிள்ளை இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லையே.

இடது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வண்டி இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை; வலது பக்கத் தெருவுக்குள்ளிருந்து திரும்பி வர வேண்டும்.

“வண்டியைத் திருப்புங்கண்ணே! தையல் கடையைத் தாண்டி நேரா போங்க, நேரா!”

மறுபடி சைரன். இந்த முறை அது தேயவில்லை. கதவு திறந்தது, தடதடவென்று காலடிகள், பிறகு நாடி இருக்கிறது என்று ஒரு குரல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போன் இன்னும் சிறுமியின் கையில்தான் இருந்தது. அவள் குரல் ரகசியம் பேசுவதுபோல் இறங்கியது.

“வீட்டுல இஷ்டப்படி எழுதிக்கோன்னு அம்மாதான் சொன்னாங்க. எங்க மிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”