புகார் இல்லாத குளம்

கோடையில் தண்ணீர் தேடி வருகிறவர்களுக்கு மரங்கொத்திதான் குளம் சொல்லும். போய்க் குடித்தவர்கள் திரும்பி வந்து குறை சொன்னால், அந்தக் குளம் அதன் பட்டியலில் ஒரு படி இறங்கும். யாரும் குறை சொல்லாத குளம் ஒரு படி ஏறும்.

நாக்கு வறண்டு ஒரு மான் வந்தது.

“அண்ணே, நல்ல தண்ணி எங்கே கிடைக்கும்?”

“தாமரைக்குளம் போ. மூணு வருஷமா அதுதான் முதலிடம். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை.”

கீழே போய்க்கொண்டிருந்த ஆமை நின்றது. “எப்படி வரும்? அங்கே முதலை இருக்கு. போனவங்க ஒருத்தரும் திரும்பலை.”

“திருப்தியா இருந்தா எதுக்குத் திரும்பி வரப்போறாங்க?” என்றது மரங்கொத்தி. “அது சரி, நீ என்கிட்ட கேட்டுட்டுப் போனவனா?”

“இல்லை. நான் அங்கேயே குடியிருக்கேன்.”

“அப்போ உன் பேச்சைச் சேர்த்துக்க முடியாது. நான் அனுப்பினவங்க யாராவது வந்து சொல்லட்டும், உடனே மாத்திடறேன்.”

மான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “பட்டியல்ல கடைசி எது?”

“சேத்துக்குட்டை. தினமும் நாலு பேர் வந்து திட்டிட்டுப் போறாங்க.”

மான் அங்கே போய் வயிறு நிறையக் குடித்தது. மறுநாள் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றது.

“என்னண்ணே, அதெல்லாம் ஒரு குட்டையா? காலெல்லாம் அட்டை. தண்ணியில ஒரே பாசி நாத்தம்.”

மரங்கொத்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. மானுக்கு நன்றி சொல்லிவிட்டு, சேற்றுக்குட்டையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.